ரத்தம் சொல்லாததை எதிரொலி சொல்லும்

பி.காம். படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் திருவாலங்காட்டில் பக்கத்து வீட்டுத் தாத்தா ராத்திரியில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். "வயசானா அப்படித்தாம்பா" என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டார். கடைசியில் ரயிலேறி திருவள்ளூருக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். காத்திருந்தவர்கள் எல்லாம் கர்ப்பிணிகள். சுவரில், 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிசுவின் பாலினம் சொல்லப்படாது என்ற பலகை. தாத்தா கூச்சத்தில் வெளியே போய் நின்றுகொண்டார். இந்தக் கருவிக்கும் ஆண்களுக்கும் என்ன சம்பந்தம்? தேடிப் படித்தேன்.

1853-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஜே. ஆடம்ஸ் புராஸ்டேட் சுரப்பியில் ஒரு புற்றைக் கண்டு, இது மிக அரிய நோய் என்று எழுதினார். இன்று ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. அன்றும் இருந்திருக்கும், பார்க்கத்தான் வழியில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒளிந்திருக்கும் சுரப்பியை, மலக்குடல் வழியே விரலால் தொட்டுத்தான் அறிந்தார்கள்.

1958-ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் வயிற்றுக் கட்டிகளை ஒலியின் எதிரொலியால் படம் பிடித்துக் காட்டினார். 1963-ல் ஜப்பானில் தகஹாஷியும் ஓச்சியும் மலக்குடல் வழியே முயன்றார்கள், படம் தெளியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹிரோகி வதனாபே பயன்படும் படத்தை எடுத்துவிட்டார். பிறகு ஓட்டை போட்ட நாற்காலியில் நோயாளியை உட்காரவைத்து, கீழிருந்து கருவியைச் செலுத்தும் முறையையும் கொண்டுவந்தார். 1989-ல் ஹாட்ஜ் குழுவினர் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஆறு இடங்களில் ஊசியால் திசு எடுக்கும் முறையை வெளியிட்டார்கள்.

இதற்கிடையே பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வந்தது. அப்புறம் ஸ்கேன் எதற்கு? இங்கேதான் விஷயம். சார்கோமா போன்ற அரிய கட்டிகள் பி.எஸ்.ஏ.-வைச் சுரப்பதில்லை. கட்டி வளர்ந்தாலும் ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கலாம். வணிகவியல் நண்பர்களுக்குப் புரியும்: இருப்பாய்வு ஒத்துப்போனாலும் கணக்கில் பிழை இருக்கலாம் அல்லவா? அப்படிப்பட்ட இடத்தில் ஸ்கேன் வீக்கத்தைக் காட்டும். சிகிச்சையில் அது சுருங்குகிறதா என்று அளக்கவும் உதவும். ஆனால் கட்டி எந்த வகை என்று முடிவு செய்ய பயாப்சிதான் வேண்டும். பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., சி.டி. தேவை.

தாத்தாவுக்கு வந்தது சாதாரண வீக்கம்தான். மாத்திரையோடு நன்றாக இருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படி எழுந்து நடக்கிறார்களா? இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள்.