ஜாலான் டோபியில் ஓர் இரவு

ஓர் ஊரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அரசர் வரிசையைப் படித்தாற் போதாது; தெருக்களின் பெயரையும் படித்தல் வேண்டும். அண்மையில் ஜொகூர் பாருவின் பழைய கடைவீதியில் ஓர் இரவு தங்க நேர்ந்தபோது இவ்வுண்மை நம் உள்ளத்திற் பதிந்தது.

நாம் தங்கியது பழங்கடை வீடொன்றைச் செப்பனிட்டு அமைத்த சித்திர விடுதி. முன்னே ஐந்தடி நடை; உள்ளே காற்றும் வெளிச்சமும் இறங்கும் திறந்த முற்றம்; மாடியில் மரப் பலகணிகள். சுவரெங்கும் ஓவியங்கள்: ரிக்‌ஷா, சைக்கிள், காப்பிக் கடை. யாவும் கண்ணுக்கு இனியனவே. ஆயினும் அத்தெருவுக்குப் பெயர் தந்தவரை எச்சுவரிலும் கண்டோமில்லை.

அத்தெரு ஜாலான் டோபி. துணி வெளுத்துப் பிழைத்த இந்தியத் தொழிலாளரால் பெயர் பெற்றது. ‘டோபி’ என்பது வடநாட்டு மொழியினின்று மலாயிற் புகுந்த சொல். நம் மொழியில் வண்ணார். அதன் அருகிலுள்ளது ஜாலான் தான் ஹியோக் நீ. 1855இல் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரி என நிறுவிய இவ்வூர், 1866இல் அவர் மைந்தர் அபூபக்கர் காலத்தில் ஜொகூர் பாரு ஆயிற்று. ஆற்றங்கரை நிலங்களை உரிமைச் சீட்டின் மூலம் சீனர்க்கு அளித்து, மிளகும் கத்தக்காம்பும் பயிரிடச் செய்த காலம் அது. அச்சீனரின் தலைவராய் விளங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டியவரே தான் ஹியோக் நீ. அவர் சிங்கப்பூரிற் கட்டிய மாளிகை 1974இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப் பெற்று இன்றும் நிற்கின்றது.

செல்வர்க்கு அவர்தம் பெயரால் ஒரு தெரு; உழைத்தவர்க்கோ தொழிலின் பெயரால் ஒரு தெரு! ஊரில் இழிவெனப் பேசப்பட்ட தொழில் ஈண்டு நகரப் பெயர்ப்பலகையில் ஏறியது மகிழத்தக்கதே. ஆனால், அங்கு வெளுத்தவர் யார்? எவ்வூரினின்று கப்பலேறினார்? அவர் மக்கள் எங்கே? பலகை விடை கூறவில்லை.

நிற்க. இத்தகைய வீடுகள் விடுதிகளாக மாறுவது ஏன்? 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. 1997இல் இயற்றிய நீக்கச் சட்டத்தினால் 2000 ஜனவரியில் அக்கட்டு அவிழ்ந்தது. பினாங்கு முதலிய நகரங்களில் வாடகை ஏறிற்று. நெடுநாட் குடியிருந்த எளியோர் பலர் வெளியேறினர். கட்டடம் பிழைத்தால் மட்டும் போதுமா? குடியிருந்தோர் நினைவும் பிழைக்க வேண்டாமா?

இது நகரத்தார் குறை மட்டுமன்று. தோட்டங்கள் கைமாறி வீட்டுமனைகளாகுந்தோறும் லயங்கள் இடிகின்றன. அங்கு பால் மரம் வெட்டிய நம் முன்னோர்க்குத் தெருப்பெயரும் இல்லை. ஆதலின், தோழர்களே, ஒன்று செய்யுங்கள். பாட்டன் பாட்டியர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகிய மூன்றையும், வீட்டு முதியோர் இருக்கும்போதே கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நாளை ஒரு சித்திரக்காரர் சுவரில் தீட்டுதற்கு யார் உளர் என்று கேட்பாராயின், நம்மிடம் சொல்ல ஒரு பெயரேனும் இருத்தல் வேண்டும்.