அஞ்சல் வழியே ஓர் அகரமுதலி

ஜவ்வாது மலையடிவாரத்தில், உத்திரக் காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் ஒடுகத்தூருக்கு மேற்கே ஆம்பூர்; வடகிழக்கே, பாலாற்றைக் கடந்தால், காட்பாடி. முன்னதைத் தோல் பதனிடும் தொழிலாலும் பின்னதை ரயில் சந்திப்பாலும் மட்டுமே அறிந்திருக்கும் பலருக்கு, தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடுவதிலேயே தம் ஆயுளைச் செலவிட்ட ஞா. தேவநேயப் பாவாணருக்கு ஆம்பூர் இளமையிலும் காட்பாடி முதுமையிலும் இருப்பிடமாயிருந்தன என்னும் செய்தி புதிதாகவே இருக்கும்.

1902-ஆம் ஆண்டில் சங்கரன்கோவிலில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவர், ஆம்பூரில் தமக்கையாரின் ஆதரவில் வளர்ந்து, அங்கிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் பயின்று, பின்னர் அவ்வூரிலேயே சிறிது காலம் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். சேலத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்து, 1961-இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தபோது, நிலையான வருமானம் ஏதுமின்றி வந்து குடியேறிய இடமே காட்பாடி. 'காட்டுப்பாடி' என்றே அவர் அவ்வூர்ப் பெயரை எழுதுவார். 1963-இல் துணைவியார் நேசமணியாரை இழந்த பெருந்துயரையும் தாங்கிக்கொண்டு, அவர் பெயராலேயே பதிப்பகம் கண்டு, உலகின் முதல் உயர்தனிச் செம்மொழி தமிழே என்று நாட்டும் ஆங்கில நூலை 1966-இல் அவர் வெளியிட்டதும் அங்கிருந்துதான்.

தலைநகருக்கு வெளியே, உத்தியோகமும் இன்றித் தனித்திருந்த ஒரு புலவருக்குத் துணை நின்றவை கடிதங்களே. நூல்களை அச்சேற்றும் கவலையும், பணமுடையும், ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றிய விளக்கமும் அடுத்தடுத்து வரும் அம்மடல்களைப் பிற்காலத்தில் புலவர் இரா. இளங்குமரன் அன்பர்களிடமிருந்து அரிதின் முயன்று திரட்டித் தொகுத்தார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்து வ. சுப்பையா பிள்ளை முதல் சிற்றூர் ஆசிரியர் வரை பலதிறத்தாரும் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர்.

அத்தொடர்பில் தலையாயவர் பெருஞ்சித்திரனார். சேலம் கல்லூரியில் பாவாணரின் மாணவராயிருந்து, தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1959-இல் 'தென்மொழி' இதழைத் தொடங்கிய அவர், 1965-இன் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் சிறைப்பட்டு, வேலூர்ச் சிறையிலிருந்தபடியே 'ஐயை' காவியத்தின் முதற் பகுதியை இயற்றினார். பாலாற்றின் தென்புறத்துச் சிறையில் மாணவர், வடபுறத்து வீட்டில் ஆசிரியர். இருவர் முன்னும் இருந்த காரியம் ஒன்றே. பாவாணர் தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலியைத் தடையின்றி இயற்றும் பொருட்டு அன்பர்கள் மாதந்தோறும் பொருளுதவி செய்யும் திட்டமொன்றைத் 'தென்மொழி' வாயிலாகப் பின்னர் வகுத்தவரும் பெருஞ்சித்திரனாரே.

மொழிக்கும் தபாலுக்கும் உள்ள இத்தகைய பிணைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1893-இல் டக்ளஸ் ஹைடும் ஓயன் மெக்நீலும் டப்ளின் நகரில் ஐரிஷ் மொழிக்காக நிறுவிய கேலிக் சங்கத்தார், அம்மொழியில் விலாசம் எழுதிய கடிதங்களையும் பார்சல்களையும் தபால் நிலையம் ஏற்கவேண்டும் என்று 1905-ஆம் ஆண்டளவில் பெரும் போராட்டமே நடத்தினார்கள். விலாசத்தில் இடம் பெறாத மொழி வீதியிலும் நாளடைவில் இடம் இழந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த ஹைடே 1938-இல் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியானார்.

பாவாணர் தேடிய செல்வம் ஏட்டில் மட்டும் இருந்ததன்று. நெல்லின் அடிப்பகுதிக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்திற்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி என்று அவர் வகுத்துக் காட்டியபோது, கழனியில் நிற்கும் உழவனின் நாவே அதற்குச் சான்றாயிற்று. நெல்லும் கரும்பும் விளையும் எங்கள் வயல்களின் வரப்பில் நடக்குந்தோறும், இச்சொற்களில் எத்தனை நம் பிள்ளைகளின் வாயில் எஞ்சும் என்னும் ஏக்கம் என்னை வாட்டுகிறது. வடசொற்கள் விரவிய என் நடை அவர் வகுத்த நெறியினின்றும் வேறானதே. ஆயினும், அவர் காத்த சொற்களுக்கு நானும் கடன்பட்டவன்.

1974-இல் தமிழக அரசு அகரமுதலித் திட்டத்தை அமைத்து அவரையே இயக்குநராக நியமித்தது. 1981 ஜனவரியில், மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய சில நாட்களுக்குள் அவர் மறைந்தார். முதற் பகுதி 1985-இல்தான் வெளிவந்தது. அந்நூலை நூலகத்தில் கையில் எடுப்போர், அரசாணை பிறப்பதற்கு முன்னரே அதற்காகத் தம் சிறு வருவாயில் ஒரு பங்கை மணியார்டரில் அனுப்பிய அன்பர்களையும் ஒரு கணம் நினைப்பார்களாக.

(அடுத்த வாரம்: கழகமும் 'செந்தமிழ்ச் செல்வி'யும்)