வேட்டைத் தடக் கேமரா

காட்டு விலங்குகள் வழக்கமாக நடக்கும் தடத்தில் மரத்தோடு வாரால் கட்டிவிட்டு வந்தால், குறுக்கே வரும் விலங்கின் உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுத்து வைக்கும் சிறு பெட்டி. வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை ட்ரெயில் கேமரா, கேம் கேமரா என்பர். காட்டுயிர் ஆய்வாளர்களும் இந்திய வனத்துறையினரும் கேமரா ட்ராப் என்று சொல்வது பெரும்பாலும் இதே கருவிதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெள்ளைவால் மான் வேட்டையை ஒட்டி இது ஒரு தனிப் பொழுதுபோக்காக வளர்ந்தது. அங்கே பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக்கு ஆண்டில் சில வாரங்களே அனுமதி. மீதி மாதங்களில் வேட்டைக்காரரைக் காட்டோடு பிணைத்து வைப்பது இந்தக் கேமராதான். கோடையில் மென்தோல் போர்த்தி வளரும் கொம்பு, நவம்பரை ஒட்டிய இணைசேர் பருவத்தில் இரவுபகல் பாராமல் அலையும் ஆண் மான்கள், குளிர்காலக் கடைசியில் உதிரும் கொம்பு எல்லாம் அதில் வரிசையாகப் பதிவாகும்.

தோற்றம்

விலங்கே தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்தவர் மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் (1859–1942). பென்சில்வேனியாவில் பிறந்த வழக்கறிஞர். இவருடைய தந்தை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதையின் குறுக்கே நூல்களைக் கட்டி, குதிரை அவற்றை அறுத்துக்கொண்டு ஓடும்போது கேமராக்கள் இயங்கும்படி செய்திருந்தார் என்பதைச் சிலர் சுட்டுவதுண்டு. அது பழக்கிய குதிரை, வெட்டவெளி, பட்டப்பகல். காட்டில், இருளில், மனித வாடைக்கே ஓடிவிடும் விலங்கை வைத்துச் செய்த முதல் பெருமை ஷைராஸுக்கே உரியது.

மிச்சிகன் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கு அருகே மார்க்கெட் என்னும் ஊரைச் சுற்றிய காடுகளில் இளம் வயதிலேயே வேட்டையாடிப் பழகியவர் அவர். அங்கு வாழ்ந்த ஒஜிப்வே மக்களிடம் ஒரு வேட்டை முறை இருந்தது. தோணியின் முனையில் நெருப்பையோ விளக்கையோ வைத்து, துடுப்பு ஓசை எழாமல் கரையோரம் செல்வார்கள். நீரருந்த வந்த மான் ஒளியைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். அதன் கண்கள் பளபளக்கும். அந்தக் கணத்தில் அம்பை எய்வார்கள் அல்லது சுடுவார்கள். இதைக் கற்றுக்கொண்ட ஷைராஸ் 1880களின் இறுதியில் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். சுடும் கணத்தில் மக்னீசியப் பொடி வெடித்து ஒளி தரும். பொடியின் அளவு கொஞ்சம் தவறினாலும் எடுப்பவரின் புருவமே பொசுங்கிவிடக்கூடிய வேலை அது.

தோணியில் உட்கார்ந்து காத்திருக்கத் தேவையில்லாத முறை அடுத்து வந்தது. தடத்தின் குறுக்கே நூலைக் கட்டி, அதன் ஒரு முனையை ஃபிளாஷோடும் கேமரா மூடியோடும் இணைத்தார். மான் காலால் இடறும், ரக்கூன் இரையைப் பிடித்து இழுக்கும், வெளிச்சம் வெடிக்கும். முதல் ஒளிக்கு மிரண்டு பாயும் மானை இரண்டாவது கேமராவால் பிடிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். இருளில் அந்தரத்தில் தொங்கும் மான்களைக் காட்டும் அப்படங்கள் இன்றைய கண்ணுக்கும் விசித்திரமாகவே இருக்கின்றன. நள்ளிரவு வரிசை என அறியப்படும் படங்கள் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றன. 1902இல் கனடாவின் ஒன்டாரியோவில், லூன் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த லின்க்ஸ் பூனையை அவர் எடுத்த படம் பின்னர் பலமுறை அச்சேறியது.

1906 ஜூலை மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் ஷைராஸின் 74 படங்களை வெளியிட்டது. அறிவியல் இதழைப் படப்புத்தகமாக மாற்றுகிறார்கள் என்று மனம் கசந்து ஆட்சிக்குழுவிலிருந்து இருவர் விலகினார்கள். வாசகர்கள் விலகவில்லை. தாமே பெரும் வேட்டைக்காரரான அப்போதைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இவற்றை நூலாக்கும்படி ஷைராஸை வற்புறுத்தினார். இரண்டு தொகுதிகளாக நூல் வெளிவந்தபோது 1935 ஆகியிருந்தது. ரூஸ்வெல்ட் இறந்து 16 ஆண்டுகள் கடந்திருந்தன. 1903–1905இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஷைராஸ், வலசை போகும் பறவைகளைக் கூட்டாட்சி அரசின் பாதுகாப்பில் வைக்கும் மசோதாவை 1904இல் கொண்டுவந்தார். அது அப்போது நிறைவேறவில்லை. அதே கருத்து 1913இல் சட்டமாயிற்று. யெல்லோஸ்டோன் பகுதி மூஸ் மானின் கிளையினம் ஒன்றுக்கு 1914இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. துப்பாக்கியைக் கீழே வைக்க ஒரு மனிதர் கண்டுபிடித்த உபாயம், ஏறக்குறைய நூறாண்டு கழித்துத் துப்பாக்கிக்கு வழிகாட்டியாகத் திரும்பி வந்தது. இக்கருவியின் வரலாற்றில் கவனிக்க வேண்டியது இதுவே.

இடைப்பட்ட காலத்தில் இம்முறையை இந்தியாவில் சிறப்பாகக் கையாண்டவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த இவர் புலிகள் கடக்கும் பாதைகளில் இடறு கம்பி கட்டி இரவுப் படங்கள் எடுத்தார். அவை 1927இல் நூலாக வந்தன. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றின் வரிகளைப் போல் இருப்பதில்லை என்பதைப் படங்களிலிருந்து இவர் கண்டுகொண்டார். கேமராவைக் கொண்டு நடக்கும் பிந்தைய புலிக் கணக்கெடுப்பு இதன்மேல்தான் நிற்கிறது. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கேமராவின் பக்கம் திரும்பியதிலும் சாம்பியனுக்குப் பங்குண்டு.

வேட்டைக்காரர் கைக்கு வந்தது

1980களில் அமெரிக்க மான் வேட்டைக்காரரிடம் இருந்தது கேமரா அல்ல, கடிகாரம். தடத்தின் குறுக்கே நூல். நூல் இழுபட்டதும் கடிகாரம் நின்றுவிடும். எந்நேரத்தில் ஏதோ ஒன்று கடந்தது என்பது தெரியும். அது கொம்புள்ள ஆண் மானா, பக்கத்து வீட்டு நாயா என்பது தெரியாது. கான்சஸ் மாநிலத்தில் உருவான ட்ரெயில்மாஸ்டர் கருவிகள் நூலுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தி, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவை இயக்கின. 1990களில் கேம்ட்ராக்கர் போன்றவை உணரியையும் கேமராவையும் ஒரே பெட்டியில் அடைத்தன. ஃபிலிம் சுருளில் 24 அல்லது 36 படம்தான். காற்றில் ஆடிய கிளையும் அணிலும் முழுச் சுருளையும் தின்றுவிட்டதைக் கழுவிய பிறகுதான் அறிய முடியும். 1997இல் மிசிசிப்பியில் ஹாரி ஜேக்கப்சன் குழுவினர், இரை வைத்த இடங்களில் இக்கேமராக்களைக் கொண்டு மான்களை எண்ணும் முறையை வெளியிட்டனர். ஆண் மான்களைக் கொம்பின் அமைப்பால் தனித்தனியாக அடையாளம் கண்டு, அவற்றின் எண்ணிக்கைக்கும் படங்களுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பிணை மான்களையும் குட்டிகளையும் கணக்கிடுவது இதன் சாரம். தனியார் நிலம் வைத்திருக்கும் வேட்டைக்காரர்கள் இன்றும் இதைப் பின்பற்றுகிறார்கள்.

இயங்கும் முறை

முகப்பில் தெரியும் பால்வெள்ளை நெகிழித் தகடு ஃபிரெனெல் வில்லை. அது முன்னுள்ள வெளியைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பின்னாலிருக்கும் உணரியில் குவிக்கிறது. சூழலைவிட வெப்பமான ஒன்று பட்டை விட்டுப் பட்டை நகர்ந்தால் மின்துடிப்பு எழும், கேமரா விழிக்கும். எனவே குறுக்கே நடக்கும் மான் உடனே சிக்கும். நேரே வரும் மான் தாமதமாகச் சிக்கும். கடுங்கோடையில் காற்றின் சூடு உடற்சூட்டை நெருங்கும்போது உணரி மந்தமாகும். வெயில்பட்டுச் சூடேறிய புல் காற்றில் ஆடினால் வெற்றுப் படங்கள் குவியும். அனுபவசாலிகள் கேமராவை வடக்கு நோக்கி, தடத்துக்குச் சாய்வாக, இடுப்புயரத்தில் கட்டி, முன்னுள்ள புல்லைச் சீவிவிடுவார்கள். மனித வாடை படாதிருக்கக் கையுறை போட்டுக்கொண்டே தொடுவார்கள்.

வகைகள்

உணரும் விதத்தால் இரண்டு: எதிரெதிரே வைத்த இரு பெட்டிகளுக்கிடையே கதிர் அறுபடும்போது இயங்குவது, விலங்கின் வெப்பத்தையே உணர்வது. முன்னது அருகிவிட்டது. இரவொளியால் மூன்று: வண்ணப் படம் தரும் வெள்ளை ஃபிளாஷ், 850 நானோமீட்டர் அகச்சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. 850இல் மங்கிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். எச்சரிக்கையான முதிய மான் நின்று பார்க்கும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. படத்தைச் சேர்க்கும் வழியாலும் இரண்டு: மெமரி கார்டில் வைப்பது, கைப்பேசி வலையமைப்பு வழியாக உடனே அனுப்புவது.

சேகரிப்பும் கைவேலையும்

நல்ல டிஜிட்டல் தடக் கேமரா கடையில் கிடைக்காத 2000களில் பலர் தாமே செய்துகொண்டார்கள். சோனி எஸ்600, பி41 போன்ற கைக்கேமராக்களைப் பிரித்து, பொத்தானுக்கான கம்பிகளை உணரிப் பலகையோடு பற்றவைத்து, நீர்புகாப் பெட்டியில் துளையிட்டு, மேலே எபாக்ஸிப் பசையால் மரப்பட்டையின் சொரசொரப்பை வார்த்தார்கள். கடைச்சரக்கு மலிந்த பிறகும் இவ்வேலை நிற்கவில்லை. படத்தின் தெளிவில் பல கடைக் கேமராக்கள் அவற்றுக்கு ஈடாகவில்லை. சேகரிப்பாளர்கள் இன்று தேடுவது இந்தக் கைவேலைப் பெட்டிகளையும், ஃபிலிம் காலக் கருவிகளையும், மோல்ட்ரி, கடபேக், ரெக்கோனிக்ஸ் நிறுவனங்களின் தொடக்ககால மாதிரிகளையும். பெட்டிக்குள் மறந்துவிட்ட மின்கலம் கசிந்து தொடுமுனைகளை அரித்திருப்பது பழைய கேமராவில் வழக்கமான நோய்.

கேமரா சேர்வதைவிட வேகமாகச் சேர்வது படங்கள். ஒரே ஆண் மானை ஆண்டுக்காண்டு தொடர்ந்து, பெயரிட்டு, அதன் கொம்பு வளர்ந்த கதையைக் கோப்பாக வைத்திருப்போர் உண்டு. அம்மானைச் சுடுவதற்கான பட்டியலில் சேர்ப்பதும் அதே கோப்பைப் பார்த்துத்தான்.

விதிமுறைகள்

அமெரிக்காவின் மேற்கிலுள்ள வறண்ட மாநிலங்களில் நீர்நிலைகள் சில. எல்லா விலங்கும் அங்கு வந்தே தீரவேண்டும். ஒரே குட்டையைச் சுற்றிப் பலரின் கேமராக்கள் மொய்த்ததால் நெவாடா, பொதுநிலங்களில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை இவற்றைத் தடைசெய்தது. அரிசோனா 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாகப் பயன்படுத்துவதையே தடுத்தது. யூட்டாவிலும் பொதுநிலத்தில் பருவகாலத் தடை உண்டு. வேட்டைக்காரர்களில் பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் நியாயமான வேட்டை என்னும் நெறிக்கு உடனடிப் படம் ஒவ்வாது என்பதில் ஐயமில்லை. ரூஸ்வெல்ட் 1887இல் தோற்றுவித்த பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பும், உடனுக்குடன் வந்த படத்தைக் கொண்டு வீழ்த்திய விலங்கைத் தன் சாதனை ஏட்டில் ஏற்பதில்லை.

இந்தியாவில்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துள்ளதால் இங்கு இக்கேமரா பெரும்பாலும் கணக்கெடுப்புக்கே பயன்படுகிறது. நாகரஹொளெயில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் வரிகளை வைத்துப் புலிகளை எண்ணும் புள்ளியியல் முறையை வகுத்தார். 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து எடுத்த 3.48 கோடிப் படங்களில் 76,651 படங்கள் புலிகளுடையவை. இது கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. 2021இல் மசினகுடிப் பகுதியில் டி23 என எண்ணிடப்பட்ட புலியைத் தேடியபோதும் இவையே பயன்பட்டன.

இன்றைய நிலை

கைப்பேசி வழி அனுப்பும் வகையே இப்போது பெரிதும் விற்கிறது. வந்த படங்களைக் கணினியே இனவாரியாகப் பிரித்துவிடுகிறது.