கோவர்மன்ஸ்னு ஒரு டச்சுக்காரர்

டச்சுக்காரங்கன்னா நமக்கு பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம்தான் ஞாபகம் வரும். இந்திய கால்பந்து அணிக்கே ஒரு டச்சுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு மேல கோச்சா இருந்தார்னு சொன்னா, எங்க நாமக்கல் பக்கம் "அப்படியா?"ன்னு கேப்பாங்க. கபடி, வாலிபால், அப்புறம் கிரிக்கெட். இதுக்கு மேல இங்க யாருக்கு நேரம்?

பேரு விம் கோவர்மன்ஸ். 1960-ல பிறந்தவர். தடுப்பாட்டக்காரர். ஃபோர்ச்சூனா சிட்டார்ட், எம்.வி.வி. மாஸ்ட்ரிக்ட் மாதிரி பெரிய பேரில்லாத கிளப்புகள்ல ஆடினவர். ஆனா 1988-ல ஹாலந்து ஐரோப்பிய கோப்பையை ஜெயிச்சதே, அந்த 20 பேர்ல இவரும் ஒருத்தர். குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட் எல்லாம் இருந்த டீமுங்க. ஒரு மேட்ச்ல கூட இவரை இறக்கலை. பெஞ்சுல உக்காந்தே சாம்பியன் :-)

ஆட்டத்தை விட்டப்புறம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறதுதான் இவரோட பொழப்பு. ஹாலந்து இளையோர் அணிகள், அப்புறம் 2008-லருந்து 2012 வரை அயர்லாந்து கால்பந்து சங்கத்துல ஒரு இயக்குநர் பதவி. அதாவது இவர் வாத்தியாருங்க. கோப்பை தூக்கற ஆள் இல்லை. நம்ம சங்கம் இதைக் கவனிச்சதாவே தெரியலை.

2012 ஜூன்ல இங்க வந்தார். அதே வருஷம் மார்ச்ல ஆசிய சேலஞ்ச் கோப்பையில மூணு மேட்சையும் தோத்து வந்த டீம் இது. பாப் ஹௌட்டன் காலத்துலருந்து பந்தை நீளமா அடிச்சு விட்டுட்டு ஓடற பழக்கம் வேற. இவர் தரையோட பாஸ் பண்ணி ஆடச் சொன்னார். செப்டம்பர் 2, டெல்லி, நேரு கோப்பை ஃபைனல். எதிரணி கேமரூன். அவங்க முதல் தர டீம் இல்லைதான், ஒத்துக்கறேன். கௌரமாங்கி ஒண்ணு, சேத்ரி பெனால்டியில ஒண்ணு, 2-2. பெனால்டி ஷூட்அவுட்ல நம்மாளுங்க அஞ்சையும் உள்ள போட்டு 5-4.

அதோட சரி. 2013 மார்ச்ல யாங்கூன்ல மியான்மர்கிட்ட 0-1 தோத்து, சேலஞ்ச் கோப்பைக்கே தகுதி பெறலை. செப்டம்பர்ல காத்மாண்டு, தெற்காசிய கோப்பை ஃபைனல்ல ஆப்கானிஸ்தான்கிட்ட 0-2. அவங்களுக்கு அது முதல் சர்வதேச கோப்பை. நமக்கு மானக்கேடு. எல்லாரும் கோச்சைத் திட்டினாங்க.

எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லைங்க. ஹௌட்டனுக்கு 2011 ஆசிய கோப்பைக்கு முன்னாடி ஐ-லீக்லருந்து முக்கியமான ஆட்டக்காரங்களையே எடுத்து மாசக்கணக்குல கேம்ப் கொடுத்தாங்க. இவருக்குக் கிடைச்சது டோர்னமெண்டுக்கு முன்னாடி கொஞ்ச நாள். கிளப்புல ஒரு மாதிரி ஆடிட்டு வர்றவனை அந்தக் கொஞ்ச நாள்ல மாத்த முடியுமா? 2014-ல நம்ம சீனியர் டீம் ஆடின மேட்சை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா தெற்காசிய ஃபைனல்ல ஆப்கானிஸ்தானை உடைக்க மாற்று வழி ஒண்ணும் வெச்சிருக்கலையே, அது அவர் கணக்குலதான் சேரணும்.

2014 அக்டோபர்ல கிளம்பிட்டார். அதே மாசம் 12-ம் தேதி கொல்கத்தாவுல ஐ.எஸ்.எல். வாணவேடிக்கையோட ஆரம்பிச்சது, இவர் போனதை யாரும் கவனிக்கலை. 2015-ல ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் வந்துட்டார்.

அந்த நேரு கோப்பை 2012-க்கு அப்புறம் நடக்கவே இல்லை. கடைசியா ஜெயிச்சுக் கொடுத்த கோச் இந்த வாத்தியார்தான்.