ஒன்றரை மீற்றர் கயிற்றின் கதை

அம்மா வேலை செய்யும் வீட்டில் ஒரு பெரிய நாய் இருந்தது. காலையில் அதை ஜர்தீனோ இங்கிலேசே பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அம்மாவின் வேலைதான். உண்மையில் நாய்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு போகும். இரவில் தோள்மூட்டுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பார். பலெர்மோவில் வளர்ந்த உங்களில் சிலருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

"ஊரில நாய்க்கு எங்கை பிள்ளை கயிறு? படலைக்குள்ள நிக்கும், கூப்பிட்டா வரும்" என்பார் அம்மா. இங்கே அப்படி இல்லை. 2009 இல் இத்தாலியச் சுகாதார அமைச்சு வெளியிட்ட ஆணை, நகரத்தின் பொது இடங்களில் நாயின் குயின்ஸாலியோ ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது என்று விதித்தது. கயிற்றின் நீளத்துக்கு அளவு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கயிறு இறுகாமல் நாயை நடக்கப் பழக்குவது எப்படி? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி எங்கள் பலெர்மோவிலேயே கிடக்கிறது.

முதலில் பலாத்ஸோ அபாத்தெல்லிஸ் அருங்காட்சியகத்துக்குப் போவோம். அங்கே 'மரணத்தின் வெற்றி' என்ற பெரிய சுவரோவியம் இருக்கிறது. 15 ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டது. வரைந்தவர் யாரென்று தெரியாது. எலும்புக்கூட்டுக் குதிரையில் வரும் மரணத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கயிற்றில் வேட்டை நாய்களைப் பிடித்திருக்கும் மனிதனைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தில் வேட்டைக்காரன் கையில் இருந்த கயிறு, உரிய நேரம் வரும்வரை நாயைத் தடுத்து வைப்பதற்கானது. நேரம் வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். முன்னால் பாயத் துடிக்கும் நாய்தான் நல்ல நாய். நெரிசலான தெருவில் மனிதனின் காலடியோடு மெதுவாக நட என்று அதனிடம் கேட்பது நகர வாழ்க்கைக்கு வந்த பிறகுதான் பெரிய தேவையானது.

அடுத்தது கதீட்ரல். அங்கே செந்நிறக் கல்லால் ஆன கல்லறையில் பேரரசன் இரண்டாம் ஃபெதெரிகோ (1194–1250) கிடக்கிறான். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பலெர்மோவில் வளர்ந்த இவன், பறவைகளைக் கொண்டு வேட்டையாடுவது பற்றி இலத்தீனில் ஒரு பெரிய நூல் எழுதினான். வல்லூறுக்கு உணவு கொடுக்கும்போதெல்லாம் ஒரே மாதிரியான ஒலியை எழுப்பச் சொல்கிறான். பிறகு அந்த ஒலியைக் கேட்டாலே பறவை உணவை எதிர்பார்க்கும். இவ்வளவு பொறுமை ஏன்? வல்லூறைக் கையிலிருந்து விட்டால் அது திரும்பி வராமலே போய்விடலாம். அடித்துப் பழக்கினால் பறந்துவிடும்.

நாய்க்கு அந்த வசதி இல்லை. கயிற்றின் மறுமுனை எங்கள் கையில் இருக்கிறது. அதனால் மனிதர்கள் பொறுமையைக் கைவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1910 இல் ஜேர்மனியில் கொன்ராட் மோஸ்ட் எழுதிய நாய்ப் பயிற்சி நூல் பொலிஸ் நாய், இராணுவ நாய்ப் பயிற்சிக்கு வழிகாட்டியாக இருந்தது. வெட்டி இழுப்பதும் தண்டிப்பதும் அதில் முக்கியமானவை. 1962 இல் அமெரிக்காவில் வில்லியம் கோலர் எழுதிய நூலும் கழுத்தை இறுக்கும் சங்கிலியை வீட்டு நாய்களிடம் கொண்டு வந்தது.

மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1951 இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், 'டிக்' என்று ஒலிக்கும் சின்ன விளையாட்டுப் பொருளையும் உணவையும் வைத்தே நாயைப் பழக்கலாம் என்று எழுதினார். 1960களில் ஹவாயில் கரென் பிரையர் விசிலும் மீனும் கொண்டு டொல்பின்களைப் பழக்கினார். டொல்பினுக்குக் கயிறு கட்ட முடியாது. விருப்பமில்லை என்றால் நீந்திப் போய்விடும். அந்த அனுபவத்திலிருந்து 1984 இல் அவர் எழுதிய நூல் நாய் வளர்ப்பவர்களையும் மாற்றியது. விட்டுவிட்டுப் போகக்கூடிய விலங்குகள்தான் எங்களுக்குப் பழக்கும் முறையைக் கற்றுத் தந்திருக்கின்றன.

அந்த முறை கயிற்றில் இப்படி வேலை செய்கிறது. நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் மணம் பிடிக்க நினைத்த மரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அதற்குத் தெரியும். ஆகவே கயிறு இறுகியதும் நீங்கள் நின்றுவிட வேண்டும். திருப்பி இழுக்கக் கூடாது. நாய் திரும்பிப் பார்த்து, கயிறு தளர்ந்த அந்தக் கணத்தில் 'பிராவோ' என்று சொல்லி, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உணவுத் துண்டு கொடுத்து, தொடர்ந்து நடக்க வேண்டும். எப்போதும் அதே சொல். முதலில் அமைதியான இடத்தில், ஐந்து பத்து நிமிடம் போதும். ஒரு நாள் நின்று, மறுநாள் அவசரத்தில் இழுபட்டுப் போனால், இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் சரி என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும்.

அந்த வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு: "வெட்டி இழு, அடங்கும்." அம்மாவுக்கு மனம் வரவில்லை. நான் இதையெல்லாம் சொன்னபோது சிரித்துவிட்டு, மறுநாள் பாண் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். முதல் கிழமை பூங்கா வாசலைத் தாண்டவே அரை மணித்தியாலம் எடுத்ததாம். நாலாம் கிழமை நானும் கூடப் போனேன். புறாக் கூட்டம் ஒன்று எழும்பியது. நாய் முன்னால் பாய்ந்தது, அம்மா நின்றார். அது திரும்பி அவரைப் பார்த்தது, கயிறு தொங்கியது.

"பிராவோ" என்றார் அம்மா. அன்று இரவு எண்ணெய்ப் போத்தல் அலுமாரியிலேயே இருந்தது.