சம்னர் நீதிமன்றக் கட்டடமும் நீதியின் வரலாறும்

ஐக்கிய அமெரிக்காவின் கிராமப்புறங்களில் ‘கவுண்டி’ எனப்படும் நிருவாகப் பிரிவின் தலைநகர்தோறும் நீதிமன்றக் கட்டடமே நடுநாயகமாக விளங்குதல் பெருவழக்கு. வழக்கு விசாரணை மட்டுமன்றிக் காணி உறுதிப் பதிவு, வரி அறவீடு முதலியனவும் அங்கேயே நடைபெற்றன. எனவே அக்கட்டடம் அதிகாரத்தின் புறவடிவமாகவும் அமைந்தது. அப்புறவடிவுக்கும் உள்ளே வழங்கப்பட்ட நீதிக்குமிடையே நிலவிய முரண்பாட்டினை விளங்கிக்கொள்ள மிசிசிப்பி மாநிலத்துத் தலஹாச்சிக் கவுண்டி தக்க சான்றாகும்.

பருத்திச் செய்கை மேலோங்கிய இக்கவுண்டியைத் தலஹாச்சி ஆறு ஊடறுத்துச் செல்கின்றது. சாள்ஸ்ரன், சம்னர் என இதற்குத் தலைநகரும் இரண்டு, நீதிமன்றமும் இரண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சம்னர் கட்டடம், கட்டடக் கலைஞர் றிச்சாட்சனின் பெயரால் வழங்கும் றோமனெஸ்க் பாணியைச் சார்ந்தது. 1888இல் நிறைவுற்ற பிற்ஸ்பேர்க் நீதிமன்றத்தின் வழியாக நாடெங்கும் பரவிய இப்பாணியின் அரைவட்ட வளைவுகளும் கனத்த சுவர்களும் உயர்ந்த கோபுரமும் சட்டத்தின் உறுதியை உணர்த்தக் கருதியவை. எனினும் 1913இல் இதன் முற்றத்தில் நிறுவப்பட்டது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையினருக்கான நினைவுச்சின்னமே.

1955 ஓகஸ்டில், சிக்காகோவிலிருந்து உறவினரிடம் வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெற் ரில் கொலையுண்டான். செப்ரெம்பரில் பிறையன்ற், மைலம் எனும் வெள்ளையர் இருவர் மீதான விசாரணை இக்கட்டடத்தின் மேல்மாடியில் நடைபெற்றது. கறுப்பினப் பத்திரிகையாளருக்கு ஒரு புறத்தே சிறு மேசையொன்றே ஒதுக்கப்பட்டது. சிறுவனை இரவில் கடத்திச் சென்றோரை அவனுடைய உறவினரான முதியவர் மோஸ் றைற் மன்றிலே அஞ்சாது சுட்டிக்காட்டினார். ஆயினும் வெள்ளை ஆடவர் பன்னிருவரைக் கொண்ட யூரர் சபை 67 நிமிடங்களில் இருவரையும் விடுவித்தது. மறு ஆண்டு சனவரியில் ‘லுக்’ சஞ்சிகை வாயிலாக அவர்களே கொலையை ஒப்புக்கொண்டனர். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை இல்லையெனும் சட்டவிதி அவர்களைக் காத்தது.

இத்தீர்ப்பு அன்றைய தினத்தில் மட்டும் உருவானதன்று. யூரர்கள் வாக்காளரிலிருந்தே தெரிவாகினர். வாக்காளரைப் பதிவுசெய்தவரோ நீதிமன்றப் பதிவாளரே. பதிவேட்டில் கறுப்பினத்தவருக்கு இடம் மறுக்கப்பட்டமையால் யூரர் ஆசனமும் மறுக்கப்பட்டது. ஆகவே நீதி தவறியது மேல்மாடி மன்றில் மட்டுமன்று. அதற்கு முன்னரே பதிவாளரின் மேசையில் அது தவறிவிட்டது எனலாம்.

2007 ஒக்ரோபரில் இக்கட்டடத்தின் முன்றலிலே ரில் குடும்பத்தினரிடம் பகிரங்க மன்னிப்புக் கோரப்பட்டது. பின்னர் விசாரணை மண்டபம் 1955ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கு மீட்டமைக்கப்பட்டது. 2023 யூலையில் கட்டடம் தேசிய நினைவுச்சின்னத்தின் ஓர் அங்கமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மண்டபத்தை அழகுபடுத்திப் புதுக்காது, அநீதி நிகழ்ந்த கோலத்திலேயே பேணியமை குறிப்பிடத்தக்கது.

வளைவையும் கோபுரத்தையும் அளந்துரைப்பதோடு கட்டடக்கலை வரலாறு நிறைவுறாது. எவர் எங்கு அமர்ந்தனர், எவருக்கு ஆசனமே இல்லாதிருந்தது என்பனவும் அவ்வரலாற்றின் பகுதியேயாம்.