பனையேறி: தரங்கம்பாடியில் ஒரு மீன் மரம் ஏறிய கதை

பனையேறி என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பனைமரம் ஏறிப் பதநீர் இறக்குகிறவர். அதே பெயரில் குளத்து மீன் ஒன்றும் இருக்கிறது: பனையேறிக் கெண்டை. பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும் சின்ன மீன். சேறும் பாசியும் உள்ள குளம், வாய்க்கால், வயல் எல்லாவற்றிலும் வாழும். இந்த மீன் நிஜமாகவே பனை ஏறுமா? இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஆய்வாளர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி அச்சில் கிளம்பிய இடம் நம்ம தரங்கம்பாடி.

1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது. அங்கே டேனிஷ் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்தவர் டால்டோர்ஃப். பூச்சிகளும் சேகரித்தவர். 1791 நவம்பரில் ஒரு குளத்தங்கரைப் பனையின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு மேலே சுமார் 5 அடி உயரத்தில், ஒரு மீனைப் பார்த்ததாக எழுதினார். சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கவில்லையாம். செவுள் மூடியின் முள்ளை மரத்தில் ஊன்றி, வாலை வளைத்து உந்தி, இன்னும் மேலே போகப் பார்த்ததாம். இந்தக் குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. அவர் வைத்த பெயர் பெர்கா ஸ்கேண்டன்ஸ், அதாவது 'ஏறும் பெர்ச்'.

அப்போதைய தரங்கம்பாடி இயற்கை ஆய்வாளர்கள் நிறைந்த ஊர். அவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-இல் வந்த மதபோதகர், 1813-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பெர்லினில் இருந்த மீனியல் மருத்துவர் பிளாக்குக்கு இங்கிருந்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பினார். நன்றியாகப் பிளாக் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பெயர் வைத்தார். அது நாம் சாப்பிடும் கத்தாளை வகை. நாளிதழ்களில் அடிக்கடி கடத்தல் செய்தியாக வரும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் உள்ள 'ஜோனி'யும் இதே ஜான்தான். பனையேறி என்ற தமிழ்ப் பெயரை ஐரோப்பியர்களுக்குத் தெரியப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் 'ஸ்கேண்டன்ஸ்' நிலைக்கவில்லை. காரணம், பிளாக் 1792-லேயே இந்த மீனுக்கு 'ஆமை போன்ற' என்ற பொருளில் டெஸ்டுடினியஸ் என்று பெயர் வைத்துவிட்டார். பெயரிடலில் முந்தியவருக்கே உரிமை. 'ஏறுதல்' வேறு வழியில் திரும்பி வந்தது. 1816-இல் பாரிஸில் குவியேவின் வட்டத்தில் இந்த மீனுக்கு அனபாஸ் என்று பேரினப் பெயர் வைத்தார்கள். 'மேலே ஏறு' என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், நம்ம ஊர்ப் பெயரின் பொருள் கிரேக்க வேஷம் கட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது.

சரி, ஏறியதா இல்லையா?

மென்பொருள் வேலையில் ஒரு பிழையைப் பற்றிப் புகார் வந்தால், அதை மறுபடி வரவழைக்க முடிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். டால்டோர்ஃபின் குறிப்பு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு முறை பார்த்தது. பாடப்புத்தகங்களில் அது 'மரம் ஏறும் மீன்' என்று பொதுவிதியாகவே ஆகிவிட்டது. 1920-களின் இறுதியில் இந்தியாவின் காற்றுச் சுவாச மீன்களை ஆராய்ந்த பி. கே. தாஸ் வேறு விளக்கம் சொன்னார்: காக்கையும் பருந்தும் கவ்விக்கொண்டு போய் மரத்தில் விட்ட மீன்களைத்தான் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த விளக்கம் பலருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அருங்காட்சியகத்தின் கேப்டன் மிட்செல் வழியாக அச்சேறிய ரங்கசாமி முதலியாரின் குறிப்பு. குளக்கரைப் பனையில் கனமழை நீர் தாரையாக வழியும்போது, இந்த மீன் செவுள் மூடியால் பக்கவாட்டில் ஊர்ந்து 5 முதல் 7 அடிவரை ஏறி, பிறகு விழுந்துவிடும் என்கிறார். டால்டோர்ஃப் பார்த்தது நவம்பரில். தரங்கம்பாடியில் அது அடைமழை மாசம். இந்த மீன் மழைக்கு ஓடும் நீரை எதிர்த்துக் கரையேறும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். சரிவான, சொரசொரப்பான பனையில் வழியும் நீரும் அதற்கு ஒரு ஓடைதானே? லண்டனுக்குப் போனது அதிசயம் மட்டும். எப்போது, எந்த நிலையில் நடக்கும் என்று சொன்னவர் ரங்கசாமி முதலியார். இதுவும் முடிந்த நிரூபணம் இல்லை. ஆனால் மழையைச் சேர்த்துக்கொண்டால் கதை நம்பக்கூடியதாகிறது.

நிரூபணம் ஆனதே போதுமான அதிசயம். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு வைத்து இந்த மீன் காற்றையே சுவாசிக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்! ஈரம் இருந்தால் வெளியே பல மணி நேரம் தாங்கும். இன்னொன்று: இது உண்மையில் பெர்ச்சும் இல்லை, கெண்டையும் இல்லை. விராலுக்குத்தான் உறவு.

பிடிப்பதும் இந்தக் குணங்களை வைத்துத்தான். காற்றுக் குடிக்க மேலே வருவதால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாசி ஓரமாக மண்புழு கோர்த்த சின்னத் தூண்டில் போதும். மழை நாளில் மடையிலும் வரப்பு உடைப்பிலும் பறி வைப்பார்கள். நீர் வற்றும் கோடையில் ஊத்தா போட்டோ, சேற்றைக் கலக்கிக் கையால் துழாவியோ பிடிப்பார்கள். பிடித்ததை மூடாத பாத்திரத்தில் போட்டால் வெளியே ஏறிவிடும். கையால் பிடிக்கிறவர்கள் முதல் மீனைப் பல்லில் கவ்விக்கொண்டு அடுத்ததைத் தேடும் வழக்கம்தான் ஆபத்து. வழுக்கித் தொண்டைக்குள் போனால் முதுகு முள்ளும் செவுள் முள்ளும் குத்தி நிற்கும். திரும்ப இழுக்க வராது. மூச்சடைத்த சம்பவங்கள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தயவுசெய்து கூடை எடுத்துக்கொண்டு போங்கள்.

வங்காளத்தில் இதற்குப் பெயர் கோய். உயிரோடு விற்கிற, விருந்துக்கு வைக்கிற மீன். நம்ம பக்கம் நிலைமை வேறு. கட்லா, ரோகு வளர்க்கும் குளத்தில் குஞ்சு விடும் முன் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டுக் 'களை மீன்'களை ஒழிக்கச் சொல்கிறது மீன்வளர்ப்புப் பாடம். அந்தப் பட்டியலில் பனையேறியும் உண்டு. மழையில் ஏறுமா என்று பார்க்க நமக்குத் தேவை ஒரு குளம், கரையில் ஒரு பனை, குளத்தில் அந்த மீன். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், வரும் ஐப்பசி மழையில் கேமராவோடு ஒரு நடை போய்ப் பாருங்கள்.